மூளை சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்: வீட்டு நோட்டுப் புத்தகம் முதல் ஸ்கேன் வரை

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார், ஆனால் இறங்கும்போது அந்த டிக்கெட்டைப் பார்க்காமலேயே யாருக்கு எவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிடுவார். அவர் 71 வயதில் பால்காரருக்கு ஒரே மாதத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார். நாங்கள் செய்த முதல் காரியம் எம்ஆர்ஐ எடுக்க ஓடியது. ‘வயதுக்கேற்ற சுருக்கம், வேறு ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தது. சரி, வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். பிறகு போன இன்னொரு நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை, முதலில் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது, அப்பா யாரிடமும் சொல்லாமல் தினமும் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், இடது காது ஏறக்குறைய கேட்கவில்லை. இவை மூன்றையும் கவனித்த பிறகு அப்பா பாதிக்கு மேல் பழையபடி ஆனார். மீதி இன்னும் இருக்கிறது, அதற்கு வைத்தியம் ஓடுகிறது.

அந்த எட்டு மாதம் வீணாகாமல் இருந்திருக்கலாம். ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டும். அந்த மூளை கணக்குப் போடுகிறதா, வழி கண்டுபிடிக்கிறதா, நேற்று நடந்ததை வைத்துக்கொள்கிறதா என்பதை அது காட்டாது. எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரியாமல் பணத்தைக் கொட்டினால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த வரிசையில் ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டவன்.

படி 1: இது இன்றைக்கே ஓட வேண்டியதா?

முதலில் இதைப் பிரித்துவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் தானாகக் கீழே இறங்குகிறது, பேச்சு குழறுகிறது அல்லது சொல்வது புரியவில்லை, திடீரென்று பார்வையோ நடையோ தடுமாறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால் ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்’ என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனை வாசலில் முதல் கேள்வி அதுதான். கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும், பெரிய தாக்குதலுக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

இரண்டாவது அவசரம், நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று திடீரென்று உளறுவது. காலையில் தெளிவு, சாயங்காலம் யாரையும் அடையாளம் தெரியவில்லை, ராத்திரி சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார். இதை மறதிநோய் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று உடம்பில் எங்கேயோ காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளியும். மறதிநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது.

தலையில் அடிபட்டோ மயங்கியோ ஐசியூவில் யாராவது இருந்தால் ‘ஜிசிஎஸ் 9’, ‘ஜிசிஎஸ் 12’ என்று நர்ஸுகள் பேசிக்கொள்வது காதில் விழும். கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட, சுயநினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக முழு மதிப்பெண் 15. எதற்குமே அசையாதவருக்கும் ஒவ்வொன்றிலும் 1 உண்டு, அதனால் மிகக் குறைவு 3, பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் நிலைமை கடுமை, மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் வைக்க வேண்டிவரலாம். ஒரு நாளின் எண்ணை வைத்துக் கலங்காதீர்கள், நேற்றைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள்.

படி 2: நோட்டில் எழுதுங்கள்

அவசரம் இல்லை என்றால் மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். இந்த முழு வழிகாட்டியிலும் காசு செலவில்லாத படி இது, எங்கள் விஷயத்தில் பூட்டைத் திறந்ததும் இதுதான்.

‘மறதி அதிகம்’ என்று எழுதாதீர்கள், அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட அரை மணி நேரத்தில் இன்னும் சாப்பாடு போடவில்லை என்று கோபப்பட்டார்’, ‘தினமும் போகும் ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார்’, ‘பேனா என்பதற்குப் பதில் அந்த எழுதுறது என்கிறார்’ என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள்: ஒன்று புதிய நினைவு, ஒன்று இடத்தை உணர்வது, ஒன்று மொழி. மருத்துவருக்கு மூளையின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தொடங்கும். மறதியே இல்லாமல் சுபாவம் மட்டும் மாறுவதும் உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவர் தெரியாதவர்களிடம் அசிங்கமாகப் பேசுகிறார், வீட்டில் துக்கம் நடந்தும் முகத்தில் சலனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அது மூளையின் முன்பகுதி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

அவருடைய தொழிலை வைத்துப் பாருங்கள். கண்டக்டருக்குச் சில்லறை, சமையல் செய்தவருக்கு உப்பு, தையல்காரருக்கு அளவு. ஒரு மனிதர் நாற்பது வருஷம் தூக்கத்திலும் செய்த வேலையில் வரும் சறுக்கல், எந்தத் தாளிலும் பதிவாவதற்கு முன்னால் வீட்டாருக்குத்தான் தெரியும்.

அப்புறம் இவற்றையும் நோட்டில் சேருங்கள்: எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா, படிக்கட்டு இறங்குவதுபோல் திடீர் திடீரென்று இறங்குகிறதா. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா? வயதானவர்களுக்கு பாத்ரூமில் வழுக்கி லேசாகத் தலை இடித்தால்கூட மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் மெல்ல ரத்தம் சேர்ந்து வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமாக வெளிப்படலாம், அதை எடுத்துவிட்டால் ஆள் தெளிந்துவிடுவார். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடக்கிறாரா, சிறுநீர் கட்டுப்படவில்லையா? மறதியோடு இந்த இரண்டும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு நோய் உண்டு, அதற்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. குடிப்பழக்கம், குறட்டை, மனச்சோர்வு எல்லாம் எழுதுங்கள். மனைவி இறந்த பிறகு ஒடுங்கிப்போன பெரியவர் எதையும் நினைவில் வைக்காமல் இருப்பது மறதிநோய் போலவே தெரியும்.

மாத்திரைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். சீட்டில் இருப்பவை மட்டும் போதாது, மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்குப் போடுவது எல்லாமே. இவற்றில் பல, வயதான மூளையை மந்தமாக்கும். அப்பாவின் தூக்க மாத்திரை தலையணை உறைக்குள்தான் கிடைத்தது.

படி 3: மருத்துவர் அறையில்

கூட வாழ்பவர்தான் கூடப் போக வேண்டும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் அல்ல. கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காதீர்கள், கேள்வி காதில் விழாதவருக்கு மறதி என்று மதிப்பெண் போய்விடும். அவர் முன்னாலேயே குறைகளை அடுக்காதீர்கள், தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், நல்ல மருத்துவர்கள் அதைக் கேட்காமலேயே செய்வார்கள்.

முதலில் உடம்பைச் சோதிப்பார்கள். கண் அசைவு, முகம், நாக்கு, கை கால் பலம், முட்டியில் சுத்தியல், விரலால் மூக்கைத் தொடச் சொல்வது, நடக்கச் சொல்வது. சடங்கு போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறது. வலது கை பலவீனம் என்றால் மூளையின் இடது பக்கம், நடையில் தள்ளாட்டம் என்றால் சிறுமூளையாக இருக்கலாம். பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் 1861-இல் ‘டான்’ என்ற ஓர் ஓசையைத் தவிர எதுவும் பேச முடியாத ஒருவரைப் பார்த்தார், அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. வெளியே தெரியும் குறையை உள்ளே இருக்கும் இடத்தோடு பொருத்தும் இந்த வேலையைத்தான் இன்றும் அந்தச் சுத்தியலோடு செய்கிறார்கள்.

அதன்பின் கேள்வித்தாள். நிறையப் பேர் கேள்விப்பட்டது எம்எம்எஸ்இ, 1975-இல் வந்தது, 30 மதிப்பெண். அதில் நேரமும் இடமும் தெரிகிறதா என்பதற்கே 10. மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது 3, கணக்கு 5, கொஞ்ச நேரம் கழித்து அதே சொற்களை நினைவுபடுத்துவது 3, மீதி மொழியும் ஒரு படத்தைப் பார்த்து வரைவதும். மோக்கா என்பது 2005-இல் கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து வந்தது, இதற்கும் 30 தான், சுமார் பத்து நிமிடம் ஆகும், லேசான குறையை எம்எம்எஸ்இ-யைவிட நன்றாகப் பிடிக்கும். 26-உம் அதற்கு மேலும் சரி என்று வைத்தார்கள், 12 வருஷம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள்.

ஒவ்வொரு கேள்விக்குள்ளும் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து 93, 86, 79 என்று போவதில் கழித்தல் தெரியுமா என்பது பெரிதில்லை, ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டே அடுத்ததைச் செய்ய கவனம் நிற்கிறதா என்பதுதான். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். கவனித்தீர்களா, ‘10’ என்ற சொல் கையை 10 என்ற எண்ணை நோக்கி இழுக்கும், அதை அடக்கி முள்ளை 2-இல் வைக்க வேண்டும். திட்டமிடுவது, இடத்தைப் பிரிப்பது, அவசரத்தை அடக்குவது எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் சோதிக்கப்படுகிறது. அப்பா முதல் தடவை எண்களையெல்லாம் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். எம்ஆர்ஐ சொல்லாததை அந்தத் தாள் சொல்லியது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது இன்னொன்று. சொற்களை நினைவுபடுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தானாக வரவில்லை, ஆனால் ‘அது ஒரு பூ’ என்று குறிப்புக் கொடுத்தால் வருகிறது என்றால் நினைவு உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். குறிப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் அது பதியவே இல்லை, மறதிநோயில் மிகப் பரவலான வகையான அல்சைமரில் இது அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் தேதி கேட்டு, கனசதுரம் வரையச் சொல்லி, கழித்தல் போடச் சொல்லி, மதிப்பெண் குறைவு என்று மறதிநோய்ச் சீட்டு ஒட்டுவது அநியாயம். பென்சில் பிடித்துப் பழகாத கைக்கு அந்தப் படம் மூளைச் சோதனையே இல்லை. இது தெரிந்துதான் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எம்எம்எஸ்இ-யை மாற்றி அமைத்த இந்தி வடிவம் ஒன்று 1995-இல் வந்தது. மோக்காவிலும் படிப்பு குறைந்தவர்களுக்கென்று தனி வடிவம் இருக்கிறது, தமிழிலும் மோக்கா உண்டு. அதனால் தயங்காமல் கேளுங்கள்: ‘தமிழிலேயே கேட்பீர்களா? அம்மா படிக்கவில்லை, அதற்கேற்றது இருக்கிறதா?’ ஆங்கிலத் தேதி தெரியாத பாட்டிக்கு இது ஆடி மாதம் என்றும், அமாவாசை போய் நாலு நாள் என்றும் துல்லியமாகத் தெரிந்திருக்கலாம். அதை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரானதும் உண்டு. நிறையப் படித்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போன்றவர் 28 வாங்கிவிடுவார், ஆனால் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கும். அப்போது நோட்டைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, இந்தக் கேள்விகளை வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள். மதிப்பெண் ஏறும், நோய் ஒளிந்துகொள்ளும்.

படி 4: ரத்தம்

ஸ்கேனைவிடச் செலவு குறைவு, ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இங்கேதான் மாட்டும். பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள், தேவைப்பட்டால் எச்ஐவியும் சிபிலிசும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கென்று பான்டோபிரசோல் மாதிரி மாத்திரையை நிறுத்தாமல் போடுபவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். அப்பா முதல் இரண்டிலும் இருந்தார். பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடும், வெயில் காலத்தில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

படி 5: சிடி, எம்ஆர்ஐ

சிடி சில நிமிடங்களில் முடியும், எக்ஸ்ரே கதிர்தான், ரத்தக்கசிவை உடனே காட்டும், அதனால்தான் பக்கவாத நோயாளியை முதலில் அதில் போடுகிறார்கள். ரத்தக்கசிவு உள்ளவருக்குக் கட்டி கரைக்கும் ஊசி போட்டால் ஆபத்து. அடைப்பால் வந்த பக்கவாதம் முதல் சில மணி நேரத்தில் சிடியில் தெரியாமலும் போகலாம், ‘சிடி நார்மல்’ என்றால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமல்ல. எம்ஆர்ஐ-யின் ஒருவகைப் படம் அதைச் சீக்கிரமே காட்டிவிடும்.

எம்ஆர்ஐ காந்தம், கதிர்வீச்சு கிடையாது, 20 முதல் 45 நிமிடம் ஆடாமல் படுக்க வேண்டும், சத்தம் தடதடவென்று இருக்கும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய அறுவை சிகிச்சையில் வைத்த கிளிப், கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டது எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாக்களுக்குத் தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். மெட்டி இறுகிப்போய்க் கழலாமல் ஸ்கேன் அறை வாசலில் சோப்புத் தண்ணீரோடு நிற்பதைவிட முந்தின நாளே கழற்றி, தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது நிம்மதி.

அறிக்கையில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று இருந்தால் அது கதையின் முடிவல்ல, எங்களைப்போல் ஃபைலை மூடிவிடாதீர்கள். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் தனியாகச் சுருங்கியிருக்கிறதா, சின்ன ரத்தக்குழாய் மாற்றங்கள் எவ்வளவு, நீர் தேங்கியிருக்கிறதா, ஓரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று நான்கையும் கேளுங்கள்.

படி 6: இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு), எல்லோருக்கும் இல்லை

ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், வெளியிட்டது 1929-இல். கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கம் நொடிக்கு 8 முதல் 13 தடவை ஓடும் ஆல்ஃபா அலை வரும், கண்ணைத் திறந்தால் அடங்கும். மூளை மந்தமானால் அலைகளும் மெதுவாகும். வலிப்புக்கும் காரணம் புரியாத மயக்கத்துக்கும் குழப்பத்துக்கும் இது முக்கியம். சாதாரண மறதிக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது.

முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் போக வேண்டும், எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. சில சமயம் இரவு தூங்காமல் வரச் சொல்வார்கள், தூக்கம் கெட்டால் ஒளிந்திருக்கும் வலிப்பு அலை வெளியே வரும். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இஇஜி நார்மலாக இருந்தும் வலிப்பு நோய் இருக்கலாம், ஏனென்றால் பதிவு செய்வது அரை மணி நேரம்தான். அதனால் வலிப்பு வரும்போது ஒருவர் போனில் வீடியோ எடுங்கள், இன்னொருவர் அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அந்த ஒரு நிமிட வீடியோவைப் பார்த்தே மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

படி 7: விரிவான நரம்புஉளவியல் சோதனை

சின்னக் கேள்வித்தாளில் சந்தேகம் தீராதபோதும், வயது குறைவானவருக்குப் பிரச்சினை என்றாலும், விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பலாமா என்று முடிவெடுக்கவும், வலிப்பு அறுவை சிகிச்சைக்கு முன்பும் இது தேவைப்படும். பயிற்சி பெற்ற உளவியலாளர் சில மணி நேரம், சில சமயம் இரண்டு நாளாகப் பிரித்து எடுப்பார். 15 சொற்களை ஐந்து தடவை படித்துக்காட்டி எவ்வளவு கற்கிறார் என்று பார்ப்பது, நிறத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றி இணைப்பது, ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது இப்படிப் போகும். பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு முக்கியமானது, அதில் நம் நாட்டு மக்களின் வயது, படிப்பு, ஆண் பெண் வாரியாக ஒப்பிட அளவுகள் இருக்கின்றன. வெளிநாட்டு அளவை வைத்து நம் ஆட்களை எடைபோடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏன் இத்தனை விதமாகக் கேட்கிறார்கள்? 1953-இல் அமெரிக்காவில் வலிப்புக்காக மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் பகுதி அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவரால், அதன்பின் புதிதாகச் சந்தித்தவர்களை நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் இதைக் காட்டிய பிறகுதான் நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. அதனால் ஒரு கேள்வியில் தோற்றவரை ‘மூளை போய்விட்டது’ என்று சொல்ல முடியாது. எது போயிருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் வீட்டில் அவரை நடத்த வேண்டும்.

பெட் ஸ்கேன் மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று காட்டும், எந்த வகை மறதிநோய் என்று குழப்பம் இருக்கும்போது உதவும், எல்லோருக்கும் அவசியமில்லை. கைரேகையை ஸ்கேன் செய்து குழந்தையின் மூளைத்திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளில் விற்கிறார்களே, அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 8: முடிவைக் கேட்கும் நாள்

மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் திறன் குறைந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது? சரிசெய்யக்கூடிய காரணங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோமா? மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? வண்டி ஓட்டுவது, வங்கிக் கணக்கு, கேஸ் அடுப்பு பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். ‘லேசான குறைபாடு’ என்று சொன்னால் அது மறதிநோய் இல்லை, சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குக் கூடும், சிலருக்குச் சரியாகவும் ஆகும். மருத்துவமனை தாண்டி வேறு உதவி வேண்டுமென்றால் முதியோருக்கான 14567 எண் இருக்கிறது.

மறுசோதனை பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வரும். அதே சோதனை, அதே மொழி, முடிந்தால் நாளின் அதே நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். பழைய தாள்களை வாங்கி ஃபைலில் வையுங்கள், மதிப்பெண்ணோடு அவர் வரைந்த படங்களும் வேண்டும். ஒரு வருஷம் கழித்து அப்பா வரைந்த கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வட்டத்தைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்திருந்தன, பெரிய முள் 2-இல் நின்றது. மோக்காவில் நினைவுபடுத்தச் சொல்லும் ஐந்து சொற்களில் இரண்டுதான் தானாக வந்தன, மூன்றாவது குறிப்புக் கொடுத்ததும் வந்தது. அடுத்த தேதி ஜனவரியில்.